அதே லாரியில் போனவர்கள்

செங்கமலம் இறந்ததும் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் முதலில் எழுந்த கேள்வி, அவளைச் சுமங்கலியாக அனுப்புவதா, விதவையாக அனுப்புவதா என்பதுதான். அவள் புருஷனைச் சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போய் முப்பது வருஷம் ஆகிறது. அவன் திரும்பவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை. யுத்தம் முடிந்து வந்த வெள்ளைக்காரன், செத்த தன் சிப்பாய்களைத் தேடி எடுத்து, பெயர் வெட்டிக் கல் நட்டான். கூலிகளை எவனும் தேடவில்லை. செங்கமலம் தாலியைக் கழற்றவே இல்லை.

மகள் தனம் குங்குமத் தட்டோடு வந்தபோது பக்கத்து வீட்டுப் பவளாயி கையைப் பிடித்தாள்.

“வேணாண்டி. அவன் போய்ச் சேந்துட்டான்னு ஊருக்கே தெரியும்.”

“பொணத்த யாரு அத்தே பாத்தது? நீயா?”

“பாக்கணுமாக்கும். இருந்தா வந்திருக்க மாட்டானா?”

“ஜப்பான்காரன் சொல்லல, வெள்ளக்காரனும் சொல்லல. எங்கப்பன் செத்துட்டான்னு நீ எதுக்குச் சொல்ற?”

பவளாயி கையை விட்டாள். அவள் புருஷனும் அதே லாரியில் போனவன்தான். அடுத்த வருஷமே ஆம்பளைகள் கூடிப் பேசி, அவளை உட்காரவைத்துத் தாலியை அறுக்கச் சொன்னார்கள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

தனம் அம்மாவின் நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்தாள். பெண்கள் வரிசையாக வந்து சுமங்கலியின் காலைத் தொட்டு, தட்டிலிருந்து குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டார்கள். கடைசியில் பவளாயியும் வந்தாள். ஒரு விரலால் குங்குமத்தைத் தொட்டு எடுத்தாள். பிறகு அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

பாடை தூக்க வந்தவன், “நகரு ஆத்தா, பொழுதாவுது” என்றான்.