கோணல் கிளிப்

டாக்டருக்கு நோயாளிகள் என்றாலே இளக்காரம். மேசையில் படுத்த லாரி டிரைவர், "இந்தத் தடவையாவது சோறு இறங்குமா சார்? போன தடவையும் நீங்கதானே செஞ்சீங்க" என்று கேட்டதும், டாக்டர், மயக்க மருந்து கொடுப்பவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"வாய் வழியா குழாய் விட்டு, உணவுக்குழாயோட உள்சுவருக்குள்ளயே சுரங்கம் தோண்டி, இறுகிப்போன தசையை வெட்டி விடுற வைத்தியம்யா இது. இந்த ஆஸ்பத்திரிக்கே நீதான் முதல் ஆளு. போன வாரம் நான் பாத்தப்போ உள்ள ஒரு கீறல்கூட இல்ல. உளறாம படு."

மயக்கம் ஏறியது. குழாய் முனையிலிருந்த கேமரா இறங்கியது.

சுரங்கம் தோண்ட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு வெட்டு இருந்தது. அதைக் கிளிப் போட்டு மூடியிருந்தார்கள்.

"எந்த முட்டாப்பய வேலை இது?" என்று திரைக்குக் கிட்டே போனார் டாக்டர். கடைசிக் கிளிப் மட்டும் இடப்பக்கம் கோணியிருந்தது. வேலை பழகிய இடத்தில் இந்தக் கோணலுக்காகவே அவர் திட்டு வாங்கியிருக்கிறார். அவர் கை அப்படித்தான் திரும்பும்.

நர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்த ஒரே கிளிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். சீல் அப்படியே இருந்தது.

குழாயை உருவிவிட்டு டாக்டர் வெளியே வந்தார். டிரைவரின் மனைவி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"போன தடவையும் இப்படித்தான் பேயறைஞ்ச மாதிரி வந்து நின்னீங்க" என்றாள். "அப்புறம் உள்ள போய்த்தான் செஞ்சீங்க. போங்க சார், இந்தத் தடவையாவது ஒழுங்கா செய்ங்க."

உள்ளே நர்ஸ் கிளிப் பெட்டியின் சீலைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.