வாசலைப் பார்த்த செருப்புகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த சபையார் படியிலேயே தடுமாறினார்கள். செருப்புகள் எல்லாம் கழற்றிவிட்டபடியே கோயிலைப் பார்த்துக் கிடந்தன.

"இதென்ன கூத்து? எப்பவும் ரோட்டப் பாத்துல்லா இருக்கும், கால நுழைச்சாப் போதுமே!" என்றாள் கமலபாய்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. செருப்பு தானாகத் திரும்பாது. இத்தனை வருஷமாக, கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியதும் யாரோ எழுந்து வந்து திருப்பி வைத்திருக்கிறார்கள். இன்று வராதது யார்?

"கடைசி பெஞ்சு ஏசுவடியான்!" போதகர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கால் முறிஞ்சு ஆஸ்பத்திரில இருக்காரு. ஜெபக் குறிப்புச் சீட்டு சட்டைப்பையிலயே இருக்கு, வாசிக்க மறந்துட்டேன்!"

நாற்பது பேரும் அப்படியே கிளம்பிவிட்டார்கள். வார்டு வாசலில் செருப்புகளை உதறிவிட்டு உள்ளே ஓடினால் கட்டில் காலியாக இருந்தது.

"சக்கர நாற்காலில பாத்ரூமுக்குப் போனாரு, இப்ப வந்துருவாரு," என்றாள் நர்ஸ்.

கால் மணி நேரமாகியும் ஆளைக் காணோம். விழுந்துவிட்டாரோ? பதறிப்போய் எல்லோரும் வெளியே பாய்ந்தார்கள். பாய்ந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

செருப்புகள் ஜோடி ஜோடியாக, வரிசையாக ஆஸ்பத்திரியின் வெளிவாசலைப் பார்த்து இருந்தன. சக்கர நாற்காலி ஓரமாக நின்றது. ஏசுவடியான் மாவுக்கட்டுக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒற்றைச் செருப்பு.

"இது யாருக்குள்ளது? வாரு அறுந்திருக்கு," என்றார் தலை நிமிராமல். "போம்போது பாத்துப் போணும், என்னா?"