ஒரே ஆள் தூக்கும் மேசை

புத்தூர் கடைவீதியில் பர்னிச்சர் கடை வாசல்வரை வெயில் வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு வெளியே கணவன் எழிலரசனோடு இட்லிக்கடை போட்டுவந்த ஹரிதா, அவன் மாரடைப்பில் போன பிறகு இன்றுதான் வெளியே வந்திருக்கிறாள். கடைக்கு தினமும் கொண்டுபோன இரும்பு மேசை வீட்டில் கிடக்கிறது; அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

"ஒரே ஆளு எடுத்துக்கினு போற மாதிரி காட்டுண்ணா."

கடைக்காரர் மடக்கு மேசை ஒன்றை விரித்து வைக்கிறார். அலுமினியக் கால்கள் பளபளக்கின்றன. "ரொம்ப லேசும்மா. நீயே தூக்கிப் பாரு."

ஹரிதா ஒரு முனையில் குனிந்து விளிம்பைப் பிடிக்கிறாள். தினமும் விடியலில் சொல்லிப் பழகியபடியே, "ம், தூக்குய்யா" என்கிறாள். எதிர்முனையில் யாருமில்லை. கடைக்காரர் அதைப் பிடிக்க ஓரடி வைத்து, நின்றுவிடுகிறார். ஹரிதா விளிம்பை விடாமல் குனிந்தபடியே நிற்கிறாள்.