ஹாசல்மோஸ்

"உந்தப் பேரை நான் பதினேழு பேரிட்டைக் கேட்டுப்போட்டன், பிள்ளை. ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார் தவமணி, சோபாவில் உட்காரும்போதே.

"அது கனபேரிட்டை இல்லாத பேர், அன்ரி" என்றாள் நிலாணி.

தவமணியின் மகன் பிரியந்தனும் நிலாணியும் நாலு வருடமாகப் பழகுகிறார்கள். கலியாணத்துக்குச் சம்மதம் வாங்குவதற்காக இன்றுதான் அவன் தாயை ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியிலுள்ள நிலாணியின் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தான். நிலாணியின் அப்பா இறந்து மூன்று வருடம். அம்மா கமலாம்பிகை மட்டும் எதிரே, கதிரை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"நிலாணி ஹாசல்... என்னது, மோசமோ?"

"ஹாசல்மோஸ்."

"தமிழ்ப் பிள்ளைக்கு உதென்ன பேர்? நாங்கள் தகப்பன்ரை பேரைத்தானே பின்னுக்குப் போடுறது?"

"அது அப்பான்ரை பேர்தான், அன்ரி."

"கார்ட்டிலை உதை அடிச்சா எங்கடை சனம் சிரிக்கும். கலியாண எழுத்து முடிஞ்ச கையோடை பிரியந்தன்ரை பேருக்கு மாத்திவிடு."

"மாத்தமாட்டன்."

குரல் சின்னதாகத்தான் வந்தது.

"பிள்ளை, அன்ரி சொல்லுறதைக் கொஞ்சம் கேளன்" என்றார் கமலாம்பிகை.

"வேறை எதெண்டாலும் கேக்கிறன், அம்மா. இதைக் கேக்கமாட்டன்."

பிரியந்தன் நெளிந்தான். "அம்மா, இற்ஸ் ஜஸ்ற் எ நேம். விடுங்கோவன்."

"நீ பேசாமல் இரு. நாளைக்கு என்ரை பேரப்பிள்ளையளுக்கும் உதைத்தானே வைப்பியள்? பள்ளிக்கூடத்திலை வெள்ளைக்காரனே வாசிக்க மாட்டான்." தவமணி கமலாம்பிகையின் பக்கம் திரும்பினார். "சரி, பிள்ளையின்ரை அப்பா எந்த ஊர்?"

"அவர் ஜேர்மனியிலை இருந்துதான் இஞ்சை வந்தவர்."

"நீங்கள்?"

"நான் கொழும்பிலை வளர்ந்தனான்."

"உங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் ஊரே இல்லைப் போலை!" தவமணி சிரித்தார். அப்போது கைப்பைக்குள் அவருடைய கைபேசி ஒலித்தது. பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். பிறகு கைபேசியைத் தூரப் பிடித்து, விரலால் தள்ளினார்.

"நான் சும்மா வரேல்லை. பிராங்போர்ட்டிலை எங்கடை ஜூலியஸ் இருக்கிறான். அவனைக் கொண்டு விசாரிச்சனான். இப்பத்தான் பதில் போட்டிருக்கிறான். ஹாசல் எண்டா ஏதோ கொட்டை மரமாம். மோஸ் எண்டா சதுப்பு நிலமாம். தெற்குப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்திலை, அந்தச் சதுப்பைச் சுத்தி எல்லாக் காணியும் ஒரு குடும்பத்தின்ரையாம். அவையின்ரை பேர்தானாம் உது. நூறு வருசத்துக்கு முந்தியே ஆறு வீடுதானாம் இருந்தது. இப்ப முழு ஜேர்மனியிலையும் ஒருத்தர் இல்லையாம். உலகத்திலை ரெண்டே ரெண்டு பேராம், ரெண்டும் ரொறன்ரோவாம்!"

"நானும் அம்மாவும்" என்றாள் நிலாணி.

"அதைத்தானே சொல்லுறன்!" தவமணியின் முகம் இப்போது முழுதாக மாறியிருந்தது. "அப்ப, உன்ரை அப்பப்பா வெள்ளைக்காரன்! காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு மெசின் பூட்ட வந்த ஆளாத்தான் இருக்கோணும். ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை? உன்ரை மூக்கைப் பார்க்க எனக்கு அப்பவே ஐமிச்சம். நிறம்தான் அம்மான்ரை."

கமலாம்பிகை ஏதோ சொல்லத் தொடங்கினார். தவமணி விடவில்லை.

"அவ்வளவு பெரிய குடும்பமெண்டா, ஊரென்ன ஆக்களென்ன எண்டு நாங்கள் ஏன் பார்ப்பான்? எங்கடை சனத்துக்கும் இண்டைக்கே சொல்லுறன். உந்தப் பேரைக் கார்ட்டிலை பெரிய எழுத்திலையே போடுவம். ஆவணியிலை ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லட்டோ?"

கமலாம்பிகை மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நிலாணியின் கைபேசி அதிர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பிரியந்தன்தான் அனுப்பியிருந்தான்: 'ஓம் எண்டு மட்டும் சொல்லு. முடிஞ்சுது.'

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பப்பா வெள்ளைக்காரன் இல்லை, அன்ரி. அவர் இலங்கையை விட்டே வெளியிலை போனதில்லை."

"அப்ப உந்தப் பேர் எங்காலை வந்தது?"

"அப்பா ஜேர்மனியிலை அகதியா இருக்கேக்கை ஒரு சேமக்காலையிலை புல்லு வெட்டினவர். அங்கை ஒரு கல்லறையிலை பார்த்த பேர் அது. அந்தக் குடும்பத்திலை கடைசி ஆளின்ரை கல்லறை. பிள்ளை குட்டி இல்லையாம். அப்பா கனடாவுக்கு வந்து தன்ரை பேரை மாத்தேக்கை அதைத்தான் எடுத்தவர்."

"செத்தவன்ரை பேரையோ?" தவமணி கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தப் பேரை விட்டிட்டு, ஆரும் அப்பிடிச் செய்வினமோ?"

நிலாணி முதல் தடவையாக அவரை நேரே பார்த்தாள்.

"சொந்தப் பேரைச் சொன்னா எங்கடை ஆக்கள் ஊரைக் கேப்பினம், ஊரைச் சொன்னா சாதியைப் பிடிச்சிடுவினம். அதுதான், எந்த நாட்டிலை விசாரிச்சாலும் மறுமொழி சொல்ல ஒருத்தரும் உயிரோடை இல்லாத பேராப் பார்த்து எடுத்தவர்" என்று சொல்லி எழுந்தாள். "தேத்தண்ணி போடட்டோ, அன்ரி? எங்கடை வீட்டிலை குடிப்பீங்களோ?"