உதாரண வாக்கியம்

ஆங்கில டீச்சர் நீட்டிய தாளைப் பிழை திருத்துவதற்காகக் கணக்கு சார் வாங்கிக்கொண்டார். மந்தத்தைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களைப் பற்றி, மாணவர் கையேட்டுக்காக அவள் எழுதிய பாடம் அது.

"'ஸ்லோ கோச்'னா என்ன டீச்சர்?"

"அந்தக் காலத்துல நின்னு நின்னு போற குதிரை வண்டிக்கு அதான் பேரு சார். அப்புறம் மந்தமான ஆளையும் அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. கீழே உதாரணம் இருக்கு, படிங்க."

'பக்கத்து மேஜைக்காரர் நாலு வருடமாகத் தினமும் என்னோடு டீ குடிக்கிறார். கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. சரியான ஸ்லோ கோச்!'

பக்கத்து மேஜை அவருடையதுதான். அவர் 'டிராக் யுவர் ஃபீட்' என்ற அடுத்த தொடருக்குப் போனார். காலைத் தேய்த்து நடப்பதிலிருந்து வந்தது, வேண்டுமென்றே தாமதிப்பது என்று பொருள். 'வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவரோ காலைத் தேய்க்கிறார்.'

அவர் நிமிர்ந்தார்.

"இங்க ஒரு கமா விட்டுப்போச்சு டீச்சர். மத்தபடி, பசங்களுக்கு நல்லாப் புரியும்."

பாடம் அச்சுக்குப் போனது. மறுநாள் அச்சகக்காரர், ஏதோ சந்தேகம் என்று அவளைத் தேடி நேரிலேயே வந்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அவள் தன் கல்யாணப் பத்திரிகையைக் கணக்கு சாரிடம் கொடுத்தாள். படித்தவர் பதறிப்போய்ச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"என்ன டீச்சர் இது! மாப்பிள்ளை பேர் வர்ற இடத்துல அச்சகக்காரர் தன் பேரை அடிச்சு வச்சிருக்காரே!"

"அது பிழை இல்ல சார்" என்றாள் அவள். "அந்தப் பாடத்தை அவர் ஒரே தடவைதான் படிச்சார்."