தானியக் கோட்டையில் வல்லபி

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நைனா காவலுக்கு உட்கார்ந்து இது மூன்றாவது நாள். கதவிடுக்கு வழியாக ஹரிதாவுக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நைனா, ஒரு தடவ என்னப் பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பதி போயி சேரலன்னா லேப் வேலைய வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்க."

அவர் திரும்பவில்லை. "சோறு துன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியப்பா துலுக்காணம் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம். அம்மா இல்லாத பெண்ணைத் தன் மச்சானுக்குப் பேசி முடித்துவிட்டார். அவள் முடியாது என்றதும் விதைக்கடலை அறைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நிச்சயம் முடியற வரைக்கும் இங்கியே குந்திக்கினு இரு, கன்னையா" என்று தம்பியிடம் சொன்னார்.

"சரிண்ணா" என்றார் நைனா. அண்ணனுக்கு அவர் வேறு பதில் சொல்லி ஹரிதா கேட்டதே இல்லை.

போனைப் பிடுங்கியவர்கள் கல்லூரியில் கொடுத்த பழைய டேப்பை மறந்திருந்தார்கள். டி.வி.க்குப் போட்ட வைஃபை அந்த அறை வரை எட்டியது. திருப்பதியிலிருந்து தோழி சுஷ்மிதா எழுதியிருந்தாள்: "எப்படியாச்சும் வெளிய வந்து பஸ் ஏறிடு. ஹாஸ்டல்ல நான் பாத்துக்கறேன்."

வெளியே வருவதுதான் எப்படி என்று தெரியவில்லை. அறையில் கடலை மூட்டைகளின் புழுக்கம் மூச்சை அடைத்தது.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் 'வல்லபி'. மந்திரவாதிகளின் கோட்டைகளில் புகுந்து திருடும் ஒரு முரட்டுப் பெண்ணின் தொடர்கதை அது. மழைச்சிட்டு என்ற பெயரில் யாரோ ஒரு கதைச் செயலியில் எழுதிவந்தார். ஹரிதா படித்தது தெலுங்கு மீடியம். நைனா சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு, இரண்டு வருடமாக ஒரு அத்தியாயம் விடாமல் படித்துவந்தாள்.

நேற்று அதன் கீழே எழுதினாள்: "வல்லபிக்கு எப்பவும் ஒரு வழி கிடைக்குது அக்கா. எனக்குத்தான் இல்ல. ஹரிதா, வரதய்யபாளையம்." பதில் வரவில்லை.

இன்று காலை புது அத்தியாயம் வந்திருந்தது. வல்லபியை ஒரு தானியக் கோட்டையில் அடைத்துவிடுகிறார்கள். கதவு இரும்பு, ஜன்னல் கம்பியும் இரும்பு. வல்லபி இரும்போடு மல்லுக்கு நிற்கவில்லை. கம்பி செருகியிருந்த மரக்கட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். கரையான் அரித்திருந்தது. 'இழுக்காதே, மேலே தூக்கு. இரண்டு கம்பியை எடுத்தால் போதும்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஹரிதா டேப்பைக் கீழே வைத்தாள். ஜன்னலை மறைத்திருந்த மூட்டையை நகர்த்திவிட்டு, கீழ்க்கட்டையை நகத்தால் கீறினாள். மாவாக உதிர்ந்தது.

அப்போது வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அண்ணி, மோட்டார் போட்டுட்டு வரேன்" என்று நைனா குரல் கொடுத்துவிட்டுப் போனார். பெரியப்பா மண்டபம் பேச சத்தியவேடு போயிருந்தார். பதினோரு மணி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

முழு பலத்தையும் கூட்டிக் கம்பியை மேலே தூக்கினாள். கீழ்முனை கட்டையை விட்டு வெளியே வந்துவிட்டது. இரண்டாவது கம்பிக்கு அவள் காத்திருக்கவில்லை. கிடைத்த இடைவெளியில் உடம்பைச் சுருக்கி நுழைந்தாள். சட்டை கிழிந்தது, தோள் சிராய்ந்தது. வீட்டின் பின்னால் விழுந்து எழுந்து, கடலைக் கொல்லை வழியாகச் சாலையைப் பார்த்து ஓடினாள்.

மோட்டார் ரூமைத் தாண்டும்போது எதிரில் நைனா நின்றுகொண்டிருந்தார்.

அவளால் அதற்கு மேல் ஓட முடியவில்லை. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"வுட்டுடு நைனா" என்றாள். "திரும்பி அந்த ரூமுக்குள்ள போனா நான் செத்தே போயிடுவேன்."

அவர் கிட்டே வந்தார். மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய சர்டிபிகேட் பையை எடுத்து அவள் கையில் திணித்தார். ரத்தம் கசியும் தோளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"நான் ரெண்டு கம்பின்னுதானேம்மா எழுதினேன்."