பத்து நாள் கனமான வேலை கூடாது

அன்று வசந்த விழாத் திடலில் இருந்தவர்கள்: அறுபத்து மூன்று வயது அசனாலி, அவர் மகன் குபாத், மருமகள் அய்ஜார்கின், ஊர் நர்ஸ் புருல், எதிரூர் ஆட்டக்காரன் ஷம்ஷி, இரண்டு ஊர் ஜனம், குதிரைகள், தலை வெட்டிய ஓர் ஆடு.

அந்த ஆட்டைக் குதிரை மேலிருந்தே பிடுங்கிப்போய் எதிரணியின் குழியில் எறிய வேண்டும்.

நான்குக்கு நான்கு. ஐந்து நிமிடம் மிச்சம்.

குபாத் சேணத்தில் ஏறினான். திடல் அதிர்ந்தது.

அசனாலி முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஏழு தலைமுறையாக அவர் வீட்டு ஆண் எவனும் நடுக்களத்தில் குதிரையை விட்டு இறங்கியதில்லை.

அப்போதுதான் புருல் குளம்புகளுக்கு நடுவே ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தாள்.

"குடும்பக் கட்டுப்பாடு பண்ணித் தையல் போட்டு ஆறு நாள்தானடா ஆகுது! பத்து நாளைக்குக் கனமான வேலை கூடாதுன்னு டாக்டர் சொல்லல?"

"இது வேலையாக்கா? குதிரைதானே!"

ஷம்ஷிக்கு உடனே புரிந்துவிட்டது. சேணத்தில் எழுந்து நின்று கத்தினான்.

"குதிரையத்தான் காயடிப்பாங்க. இந்த ஊர்ல ஓட்டுறவனையேவா?"

எதிரூர் முழுக்கச் சிரித்தது. கூட்டத்தில் அய்ஜார்கின் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அசனாலி சாட்டையோடு களத்துக்குள் நடந்தார். சிரிப்பு அடங்கியது. மகனை அடிக்கப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"இறங்குடா."

குபாத் இறங்கினான். ஏழு தலைமுறையில் முதல் ஆள்.

அசனாலி ஷம்ஷியின் பக்கம் திரும்பினார். குரல் கடைசி வரிசைவரை போனது.

"நாலாவது பிரசவத்துல என் மருமக பாதி ரத்தம் போய்க் கிடந்தா. இனி அவ உடம்பு பாடுபட வேண்டாம்னு என் மகன் தன் உடம்பைக் கொடுத்தான். கால் மணி நேர வேலை. ஆம்பள ஆம்பளையாத்தான் இருக்கான். அந்தத் தைரியம் உனக்கு இருக்காடா, ஆறு பிள்ளை பெத்தவனே?"

இந்த முறை ஷம்ஷியின் மனைவிதான் முதலில் சிரித்தாள்.

அசனாலி மகனின் தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு குதிரையில் ஏறினார்.

ஜனம் தொண்டை கிழியக் கத்தியது. புழுதி எழுந்தது. ஷம்ஷியின் தொடைக்கடியிலிருந்து ஆட்டை உருவிக்கொண்டு பாய்ந்தார் கிழவர். பின்னால் நான்கு குதிரைகள். குழியின் விளிம்பில் குதிரை முன்னங்காலைத் தூக்கியது. ஆடு குழிக்குள் விழுந்தது.

ஐந்துக்கு நான்கு.

அய்ஜார்கினின் முக்காடு எப்போதோ தோளில் விழுந்திருந்தது. கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

மகனின் அறுவை சிகிச்சை விஷயமே அசனாலிக்கு அன்று திடலில்தான் தெரிந்தது, மானம் போகாமலிருக்கச் சமாளித்துவிட்டார் என்று இரண்டு ஊரிலும் இன்றும் பேசுகிறார்கள்.

தவறு. அவனைத் தன் காரில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அசனாலிதான். மகனுக்குக் கனமான வேலை எதுவும் இல்லை என்று டாக்டரிடம் சொன்னவரும் அவர்தான்.